இடுப்புக்கு எல்லை, இரும்புக்கு இலக்கு

2004-ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் அருகருகே நிற்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. அட்டவணையைப் பார்த்துச் சொல்பவர் இருவருக்கும் ஒரே சான்றிதழைத்தான் எழுதித் தருவார். ஆனால் உடலிலிருந்த கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. தராசுக்குச் சமமாகத் தெரிந்த இரண்டு உடல்களில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பைச் சுமந்துகொண்டிருந்தது. மெலிந்து தெரியும் இந்திய உடலுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை விளக்க மருத்துவர்கள் இன்றும் இந்தப் படத்தையே காட்டுகிறார்கள். உடற்பயிற்சி செய்து எடையைக் கூட்ட நினைக்கும் ஒல்லியானவர்களும், ஜிம்முக்குப் பணம் கட்டும் முன், இந்தப் படத்தைப் பற்றி ஒரு முறை யோசித்துவிடுவது நல்லது.

நம் ஊரில் ஒல்லியாக இருப்பவருக்கு அறிவுரை சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ‘நோஞ்சான்’, ‘ஒல்லிப்பிச்சான்’, ‘காத்தடிச்சா பறந்துடுவான்’ என்ற பட்டப்பெயர்கள் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடும். கல்யாணப் பேச்சு எடுத்ததும் ‘கொஞ்சம் சதை போடணும்’ என்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்டால் அதற்கும் ஒரு சூத்திரம் தயாராக இருக்கிறது: சென்டிமீட்டரில் உயரத்தை எடுத்து நூறைக் கழி. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் பால் பிரோகாவின் பெயரில் வழங்கும் கணக்கு இது. 170 செ.மீ. உயரமுள்ளவர் 70 கிலோ இருக்க வேண்டும் என்கிறது. அந்த 70 கிலோவுக்கு பி.எம்.ஐ. போட்டுப் பார்த்தால் 24.2 வருகிறது, இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வகுத்த வரம்பான 23-ஐ அது தாண்டிவிட்டது. ஆக, ஒல்லியாக இருந்தவரை எடை மிகுந்தவர் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தச் சூத்திரத்தின் சாதனை. ‘எத்தனை கிலோ ஏற வேண்டும்?’ என்பதை முதல் கேள்வியாக வைப்பதே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். எவ்வளவு பாரத்தைத் தூக்க வேண்டும், இடுப்பு எந்த அளவைத் தாண்டக் கூடாது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்ய வேண்டும். எடையின் இலக்கு அந்த இரண்டுக்கும் அடங்கி, கடைசியாக வர வேண்டும்.

எடை அட்டவணைகளின் பிறப்பைப் பார்த்தால் அவற்றின் மீதுள்ள பயபக்தி கொஞ்சம் குறையும். பி.எம்.ஐ.க்கு அடிப்படையான கணக்கை 1830-களில் வகுத்த அடோல்ஃப் கெட்லே மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளர், புள்ளியியலாளர். ஒரு மக்கள்தொகையின் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று அறிவதே அவர் நோக்கம். ஒவ்வொரு உயரத்துக்கும் ‘உகந்த எடை’ என்ற எண்ணத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு, 1940-களில் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணக்கை வைத்து வெளியிட்ட அட்டவணைகளுக்கு உண்டு. 1972-இல் அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் அன்செல் கீஸின் குழுவினர் பி.எம்.ஐ. என்ற பெயரைச் சூட்டியபோதும், கூட்டத்தை ஆராய்வதற்கு ஏற்ற எளிய அளவை என்றே அதைக் கருதினார்கள். ஆசிய உடல்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது 2004-இல்தான். இவ்வளவு திருத்தத்துக்குப் பிறகும், 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 53.5 கிலோ முதல் 66.5 கிலோ வரை எல்லாமே ‘சரியான எடை’. பதின்மூன்று கிலோ இடைவெளி! அதில் எந்தப் புள்ளியில் நிற்பது, கூடும் கிலோ தசையா கொழுப்பா என்ற கேள்விகளுக்கு அட்டவணையிடம் பதில் கிடையாது.

கூடும் கிலோ எதனால் ஆனது என்பதே இங்கு உயிர்நாடி. கனடாவில் கிளாட் பூஷார் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களான 12 ஜோடி இளைஞர்களுக்கு, வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி, வாரத்துக்கு ஆறு நாள், 100 நாட்களுக்குக் கொடுக்கப்பட்டது. உடற்பயிற்சி கிடையாது. சராசரியாக 8.1 கிலோ கூடினார்கள். நம் வீடுகளில் இதை வெற்றி என்றே கொண்டாடியிருப்போம். ஆனால் அந்த 8.1 கிலோவில் 5.4 கிலோ கொழுப்பு. மூன்றில் இரண்டு பங்கு. இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. ஒரே அளவு உணவை உண்ட இளைஞர்களில் ஒருவர் 4.3 கிலோ மட்டுமே கூடினார், இன்னொருவர் 13.3 கிலோ கூடினார். ஆனால் ஒரே ஜோடியின் இருவரும் ஏறக்குறைய ஒரே போலக் கூடினார்கள். உண்ட சோறு எங்கே போகிறது என்பதில் பிறப்புக்கும் பெரும்பங்கு இருக்கிறது. ‘அவன் மூணு மாசத்துல பத்து கிலோ ஏறிட்டான், உனக்கு என்ன?’ என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் பாரம் தூக்கும் பயிற்சியோடு சேர்த்து நிறைய சாப்பிட்டால், கூடுவதெல்லாம் தசையாகிவிடுமா? நார்வேயில் இனா கார்தே குழுவினர் முன்னணி விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது. எல்லோரும் ஒரே பாரப் பயிற்சியை 8 முதல் 12 வாரங்கள் செய்தார்கள். ஒரு பிரிவினர் உணவு நிபுணரின் திட்டப்படி நாளுக்குச் சுமார் 600 கலோரி அதிகம் உண்டார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பம்போல் உண்டார்கள். அதிகம் உண்டவர்களின் எடை 3.9 சதவீதமும் மற்றவர்களின் எடை 1.5 சதவீதமும் கூடின. தராசை மட்டும் பார்த்தால் முதல் பிரிவுக்கே வெற்றி. ஆனால் அவர்களின் உடல் கொழுப்பு 15 சதவீதம் உயர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு 3 சதவீதம்தான். கொழுப்பற்ற உடல் நிறையிலோ இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. தசை கட்டுவது கொத்தனார் வேலை மாதிரி. ஒரு நாளில் எத்தனை வரிசைச் செங்கல் வைக்க முடியுமோ அத்தனைதான் வைப்பார். லாரி லாரியாகச் செங்கல் கொண்டுவந்து கொட்டினால் சுவர் உயராது, வாசல்தான் அடைபடும். அந்த வாசல்தான் நம் தொப்பை.

வேகத்துக்கு ஓர் எல்லை இருப்பதால், புதிதாகத் தொடங்குபவர் வாரத்துக்குத் தன் எடையில் கால் முதல் அரை சதவீதம் வரை கூடினால் போதும் என்று விளையாட்டு உணவியலாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. இதற்குத் தேவைப்படும் கூடுதல் உணவு நாளுக்கு 300 கலோரியைச் சுற்றித்தான் இருக்கும். 50 கிராம் வேர்க்கடலையே கிட்டத்தட்ட 280 கலோரி தருகிறது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியில் எண்ணெய்வித்தை இளைத்தவனுக்கு ஒதுக்கியவர்களுக்குக் கலோரி என்ற சொல் தெரியாது, கணக்கு தெரிந்திருக்கிறது. நம் தட்டில் குறைவது சோறு அல்ல, புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நாடு முழுக்க நடந்த ஆய்வின்படி இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து சுமார் 12 சதவீதம்தான். 1,863 பேரை உள்ளடக்கிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த அறிக்கை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் புரதம் எடுப்பதால் தசைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 80 கிராம். நான்கு முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் வேர்க்கடலை ஆகியவற்றிலேயே 50 கிராமுக்கு மேல் வந்துவிடும். மீதியைப் பருப்பும் சுண்டலும் அரிசியும் தரும். முட்டை சாப்பிடாதவர்கள் கொண்டைக்கடலை, சோயா, தயிரால் ஈடுகட்டலாம். அதே அறிக்கையில், கூடுதல் புரதம் எடுத்துக்கொண்டதால் மட்டும் கிடைத்த பலன் சராசரியாக 0.3 கிலோதான். உண்மையான வேலையைச் செய்தது பயிற்சி. ‘மாஸ் கெய்னர்’ டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் அவற்றின் பின்புறத்தையும் படிக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் முதன்மைப் பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. நம்மிடம் ஏற்கெனவே மிகுதியாக இருப்பதை விலை கொடுத்து மீண்டும் வாங்குகிறோம்.

இனி இரும்புக்கு வருவோம். தூக்கும் பாரத்தை ஏன் முதல் இலக்காக வைக்க வேண்டும்? தசை வளர்வதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. பாரம் சிறிது சிறிதாகக் கூடக்கூட, அதைத் தாங்குவதற்கு உடல் தசையைக் கட்டுகிறது. பாரம் நின்ற இடத்தில் நின்றால் உடலும் நின்றுவிடும். மேலும், உடல் நலத்தைப் பொறுத்தவரை எடையைவிட வலிமை நல்ல செய்தி சொல்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு 2015-இல் வெளியானது. கைப்பிடி வலிமை 5 கிலோ குறைந்தால் இறக்கும் அபாயம் 16 சதவீதம் அதிகமாக இருந்தது என்றது அது. வலிமைக்குப் பெரிய உடல் வேண்டும் என்று நினைப்பவர்கள் டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்கலாம். 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு ஒரே தூக்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். தன் எடையைப்போல் இரண்டே கால் மடங்குக்கு மேல். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றது 77 கிலோ பிரிவில். பாரம் தூக்கும் வீரருக்கு எடை என்பது தாண்டக் கூடாத கூரை. அந்தக் கூரைக்குக் கீழே எவ்வளவு வலிமையை அடைக்க முடியும் என்பதே அவர் கேள்வி. ஒல்லியான சாமானியருக்கும் அந்தக் கேள்வியே பொருந்தும். அவருடைய கூரையைத் தீர்மானிக்கப்போவது போட்டி விதி கிடையாது, அவருடைய இடுப்பு.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? 170 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ள இளைஞர் ஒருவரை வைத்துக்கொள்வோம். முதலில், ஓராண்டுக்கான பாரத்தை எழுதட்டும்: தன் எடைக்குச் சமமான பாரத்தைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் செய்வது, தரையிலிருந்து அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தூக்குவது, ஒரே மூச்சில் சில புல்-அப் எடுப்பது. முறையாகக் கற்றுக்கொண்டால் ஆரோக்கியமான இளைஞர்கள் பலருக்கு இது எட்டாத உயரம் இல்லை. அடுத்து இடுப்பு. தையல்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை வரம்பு. உயரத்தில் பாதிக்குள் இடுப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான ‘நைஸ்’ 2022-இல் சொன்ன எளிய விதியின்படி இவருக்கு எல்லை 85 செ.மீ. எடை இலக்கு இதற்கெல்லாம் பிறகு வருகிறது, அதுவும் படிப்படியாக: முதல் படி 55 கிலோ. அங்கே சேர்ந்ததும் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். பாரம் நன்றாக ஏறி, இடுப்பு இரண்டு மூன்று செ.மீ. மட்டும் கூடியிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பாரம் அசையாமல் இடுப்பு மட்டும் அகன்றிருந்தால், கூடுதல் உணவை நிறுத்திவிட்டுப் பயிற்சியைத் தொடர வேண்டும். அவருக்கு ஏற்ற எடை 60-ஆ 66-ஆ என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது; இந்தப் படிகள்தான் சொல்லும்.

இதற்கு எதிரான முதல் வாதம்: மனிதருக்கு ஓர் எண் வேண்டும், ‘70 கிலோ’ என்று சுவரில் ஒட்டிவைத்தால்தான் ஊக்கம் வரும். எண் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பாரமும் எண்தான், அதுவும் நேர்மையான எண். தராசை ஏமாற்றுவது சுலபம். ஒரு வாரம் இரவில் பரோட்டாவும் பிரியாணியும் சாப்பிட்டால் முள் நகரும். உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒரு கிராம் சேரும்போது மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேர்ந்து தங்குவதால், உப்பும் சோறும் கூடிய மறுநாளே ஒரு கிலோ ஏறித் தெரியலாம். 40 கிலோ தூக்கியவர் 60 கிலோ தூக்குவதற்குக் குறுக்குவழி இல்லை. அது மட்டுமல்ல, முதல் சில வாரங்களில் நரம்புகள் பழகுவதால் வலிமை வேகமாகக் கூடும், எடை அசையவே அசையாது. அப்போது தராசை மட்டும் நம்பியவர்தான் மனம் உடைந்து பயிற்சியை விடுகிறார். அல்லது ஊசிக்கும் மாத்திரைக்கும் போகிறார். தசைக்காகத் திருட்டுத்தனமாகப் போடும் ஸ்டீராய்டு இதயத்தையும் விரைகளையும் பாதிக்கிறது. அவசர எண்ணே அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான எண் ஏன் நியாயமற்றது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் 585 பேருக்கு 12 வாரம் ஒரே கைப்பயிற்சி கொடுத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தசையின் அளவு சிலருக்கு 2 சதவீதம் குறைந்தது, சிலருக்கு 59 சதவீதம் கூடியது. நடிகரின் உடம்பை அளவுகோலாக வைப்பவர் அவருடைய மரபணுவையும் சேர்த்துக் கடன் கேட்கிறார்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. நிஜமாகவே ஊட்டம் இல்லாமல் மெலிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தராசுதான் உயிர்காக்கும் கருவி, அதை மட்டந்தட்டுவது ஆபத்து என்கிறது அது. இதை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்து நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023-இல் வெளியானது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே ஒவ்வொரு கிலோவும் கொண்டாட வேண்டிய கிலோதான், அது கொழுப்பா தசையா என்று கேட்பது அபத்தம். காரணமில்லாமல் எடை இறங்குபவர் ஜிம்முக்குப் போகக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு எல்லாமே ‘ஒல்லியாகிவிட்டான்’ என்ற ஒரே தோற்றத்தில் வரும். ஆனால் தமிழ்நாட்டின் மொத்தப் படம் இப்போது வேறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் எடை குறைந்தவர்கள் ஆண்களிலும் பெண்களிலும் சுமார் 12 சதவீதம். எடை மிகுந்தவர்கள் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம். முதல் கூட்டத்திலிருந்து புறப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் இரண்டாவது கூட்டத்தில்தான் போய்ச் சேருவார். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித்தராமல் ‘எடை போடு’ என்று மட்டும் சொல்வது அரை அறிவுரை.

மூன்றாவதாக, இதெல்லாம் இளைஞர்களுக்கான பேச்சு, பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இரும்பு எதற்கு என்ற கேள்வி எழும். ஒல்லியான பெண் பாரம் தூக்கினால் ‘ஆம்பளை மாதிரி’ ஆகிவிடுவாள் என்ற பயம் வீணானது. அவ்வளவு சுலபமாகத் தசை வருமானால் ஆண்கள் இத்தனை பாடுபட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில், எலும்பு வலுவிழந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் கனமான பாரத்தைப் பயிற்றுநர் மேற்பார்வையில் தூக்கவைத்தார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. ஒப்பீட்டுக் குழுவில் 1.2 சதவீதம் குறைந்தது. வயதைக் காரணம் காட்டுபவர்களுக்கு 1990-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று பதில் சொல்லும். சராசரியாக 90 வயதான பத்து முதியோரில், எட்டு வாரம் காலுக்குப் பாரப் பயிற்சி செய்து முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை 174 சதவீதம் உயர்ந்தது. முதுமையில் மெலிவது கொழுப்பு இழப்பால் மட்டும் நேர்வதில்லை; தசையே கரைகிறது. முதியவர் உள்ள வீட்டில் ‘அப்பா இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க’ என்பதோடு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ வைப்பதும் உபசாரம்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, நன்றாகத் தசை சேர்ந்த ஒருவர் 23 என்ற பி.எம்.ஐ. வரம்பைத் தாண்டினால் பயப்பட வேண்டுமா? இடுப்பு எல்லைக்குள் நின்று, பாரம் ஏறிக்கொண்டிருந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்தால் அந்த எண்ணுக்காகப் பதற வேண்டியதில்லை. வரம்புக்குள் இருந்தபடியே இடுப்பு அகல்பவர்தான் பதற வேண்டும். ஜிம்மில் சேரும் முதல் நாள் பெயர், வயது, உயரம், எடை என்று ஓர் அட்டை எழுதுகிறார்கள். மாதாமாதம் அதில் புதிதாக எழுதப்படுவது எடை மட்டும்தான். அந்த அட்டையில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடும்படி பயிற்றுநர்களைக் கேட்கலாம்: ஒன்று இடுப்புக்கு, ஒன்று தூக்கிய பாரத்துக்கு. ஓராண்டு முடிவில் மூன்று வரிசைகளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு, தனக்கு ஏற்ற எடை எது என்று இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருக்காது.